பின்னால் சேர்க்கக்கூடியவை

எங்கள் ஊரில் கொம்பியூட்டர் வாங்கப் போகிறவனிடம் கடைத்தெருவிலும் பள்ளி முன்றலிலும் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: "ஐ செவனா?" ஆமென்றால் மரியாதை. இல்லையென்றால் ஓர் அனுதாபப் பார்வை. அது எந்த ஆண்டு வந்த ஐ செவன் என்று எவரும் கேட்பதில்லை. உழ்ஹிய்யாவுக்கு மாடு வாங்கும்போது வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயது சொல்லக்கூடிய மனிதர்கள், கொம்பியூட்டரின் வயதை மட்டும் விசாரிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இந்த விஷயங்களெல்லாம் எனக்கு அறிமுகமானது மகனால்தான். ஆசிரியர் கலாசாலையில் நான் படித்த காலத்தில், கொம்பியூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைவோம். அந்தப் பெட்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும் துணிவு எங்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை. மகனின் தலைமுறைக்கு அந்தப் பயம் கிடையாது. 2024 மே மாதம் சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்த கையோடு, கொப்பித் தாளொன்றில் ஒரு பட்டியலை எழுதிக்கொண்டு வந்து நின்றான்.

"கேம் விளையாடத்தான் வாப்பா. படிக்கிறதுக்கெண்டு பொய் சொல்ல மாட்டன்" என்றான்.

அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. டவுனில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து விளையாடும் இடமொன்றுக்கு அவனும் கூட்டாளிமாரும் போய்வருவது எனக்குத் தெரியும். மஃரிபுக்குப் பிறகும் சைக்கிள் வந்து சேராத நாட்களில் அவனுடைய உம்மா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பாள். விளையாடுவதை நிறுத்த முடியாதென்றால், அது நம் கண் முன்னால் நடக்கட்டும் என்பதே எனது எண்ணமாக இருந்தது.

பட்டியலின் கூட்டுத்தொகை இரண்டு இலட்சத்து அறுபதாயிரம் ரூபா. வீட்டில் இருந்ததோ மனைவியின் சீட்டுக் காசு, ஒன்றரை இலட்சம். அதற்கும் வேறோர் உரிமைக்காரி இருந்தாள். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழமை. மகளுக்கென்று தொடங்கிய வீடு லிண்டல் மட்டத்தில் நின்றுகொண்டிருந்தது.

"சீட்டுக் காசு ஊட்டுக்கெண்டு வெச்சது" என்று மட்டும் சொன்னாள் மனைவி. இரண்டு நாட்கள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் அவளாகவே சொன்னாள். "புள்ள ஆசைப்படுறான். எடுங்க. ஒண்டரைக்கு மேல ஒரு சதமும் போகப்படா. என்ட மாலையக் கேக்கவும் படா."

அவ்வாறாக எங்கள் வரவு செலவுத் திட்டம் நிறைவேறியது.

முதலில் டவுனில் ஒரு கடைக்குப் போனோம். கண்ணாடிப் பக்கம் வைத்த பெட்டி, உள்ளே பெருநாள் பந்தல் போல நிறம் மாறி மாறிச் சுழலும் விசிறிகள். "ஐ செவன், 16 ஜிபி, 4 ஜிபி விஜிஏ, கேமிங் மெஷின். எண்பத்தையாயிரம்" என்றார் கடைக்காரர். நான் ஏறக்குறையத் தலையாட்டிவிட்டேன். மகன் மட்டும் புரொசசரின் முழு இலக்கத்தைக் கேட்டான். 3770. இன்டெல் நிறுவனம் 2012 இல் வெளியிட்டது அது. பன்னிரண்டு வயது மாடு!

வெளியே வந்து அவன் எனக்குப் பாடம் நடத்தினான். அந்தப் பழைய ஐ செவனில் இருப்பது நான்கு கோர், எட்டு த்ரெட். 2022 இல் வந்த ஐ த்ரீ 12100 இலும் அதே நான்கு, எட்டுத்தான். ஆனால் ஒவ்வொரு கோரும் செய்யும் வேலை மிக அதிகம். ஐ த்ரீயா ஐ செவனா என்பது அந்தந்தத் தலைமுறைக்குள் உள்ள தரவரிசை மாத்திரமே. தலைமுறை மாறினால் வரிசையும் மாறும். விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடியும் என்று அப்போதே அறிவித்திருந்தார்கள். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் புரொசசர்களை ஏற்பதில்லை. அலங்காரப் பெட்டிக்குள் இருந்தது மூன்றாம் தலைமுறை.

எனவே பாகம் பாகமாக வாங்குவதென்று முடிவாயிற்று. பிரச்சினை அங்கேதான் உண்மையில் தொடங்கியது.

மகனின் உயிர் விஜிஏ காட்டில் இருந்தது. ஆர்எக்ஸ் 6600 என்ற காட் அவன் கனவில் வந்துகொண்டிருந்தது. அதை எப்படியும் ஒன்றரை இலட்சத்துக்குள் அடக்குவதற்காக மற்றவற்றையெல்லாம் வெட்டினான். மதர்போட்டை ஆகக் குறைந்ததாக்கினான். இரண்டு ரெம் ஒன்றாயிற்று. கடைசியாகப் பவர் சப்ளையில் கைவைத்தான். கேசிங்கோடு சேர்த்து 500 வோட் பவர் சப்ளை சும்மா தருவதாக ஒரு கடையில் சொன்னார்களாம்.

அந்தச் 'சும்மா' பவர் சப்ளையைப் பார்க்க நானும் போனேன். அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த சிட்டையை வாசித்தேன். பெரிய எழுத்தில் 500 வோட். கீழே சிறிய எழுத்தில், 12 வோல்ட் இணைப்புக்கு 18 அம்பியர். வலு என்பது வோல்ட்டை அம்பியரால் பெருக்க வருவது என்று பதினோராம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும். 12 ஐ 18 ஆல் பெருக்கினால் 216. புரொசசரும் விஜிஏ காட்டும் மின்சாரம் எடுப்பது பிரதானமாக அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். ஆர்எக்ஸ் 6600 இன் தேவை மட்டும் 132 வோட், புரொசசருக்கு 65 என்று குறிப்பு இருந்தாலும் வேலை கூடும்போது அதற்கு மேலும் போகும், அத்தோடு விசிறிகள், மற்றவை. அந்தச் சிட்டைக்குள் மூச்சுவிட இடமில்லை. நெருக்கடியில் அப்படியான பவர் சப்ளை எரிந்தால் தனியாகப் போகாது, கூட இருப்பவற்றையும் இழுத்துக்கொண்டு போகலாம். அன்றைக்குத்தான் என் பாடம் ஒன்று மகனுக்குக் கடைத்தெருவில் பயன்பட்டது.

ஆனாலும் அவன் முகம் வாடிவிட்டது. "காட் இல்லாம கேமிங் மெஷினா வாப்பா?" என்றான். இரவுச் சாப்பாட்டில் அதே வாக்குவாதம். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே சோறு போட்டுக்கொண்டிருந்த மனைவி கேட்டாள். "பொறகு வாங்கிச் சேக்கேலாத சாமான் எது மகன்?"

அவன் யோசித்துச் சொன்னான். மதர்போட்டை மாற்றினால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பவர் சப்ளையும் அப்படித்தான். காட்டை எப்போது வேண்டுமானாலும் செருகலாம்.

"அப்ப அத்திவாரத்த ஒழுங்காப் போடுங்க. மேல்மாடிக்குக் கம்பிய உட்டு வைங்க" என்றாள்.

எங்கள் ஊர்த் தெருக்களில் நடந்தவர்களுக்கு அந்த உவமை விளங்கும். தட்டுப் போட்ட வீடுகளின் மேலே, வருங்கால மாடிக்காக இரும்புக் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கும். சிலவற்றில் பத்து வருடமாக நிற்கும். எவரும் அந்த வீட்டை அரைகுறை என்று சொல்வதில்லை. குடியிருக்கிறார்கள், வசதி வரும்போது கட்டுவார்கள். மகனின் பட்டியலில் எழுந்த முழுச் சிக்கலையும் அவள் இரண்டு வசனத்தில் தீர்த்துவிட்டாள்.

அந்தக் கணக்கின்படி நாங்கள் தெரிந்தது ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். முடிவிலுள்ள 'ஜி' என்ற எழுத்துத்தான் முக்கியம்: படம் காட்டும் பகுதி புரொசசருக்குள்ளேயே இருக்கிறது. தனிக் காட் இல்லாமலே வலோரன்ட் நன்றாக ஓடும், ஜிடிஏ 5 ஐ அமைப்புகளைக் குறைத்து விளையாடலாம். புதிய பெரிய கேம்கள் முடியாது. இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. 'ஜி' இல்லாத 5600 இல் 32 எம்பி கேச் இருக்கிறது, இதில் அதில் பாதிதான். நாளைக்குக் காட் போட்டாலும் அந்த வித்தியாசம் கொஞ்சம் தெரியும். தெரிந்துகொண்டே ஏற்றுக்கொண்டோம்.

ரெம் விஷயத்திலும் ஒரு நுணுக்கம். 16 ஜிபியை ஒரே துண்டாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு. உள்ளே இருக்கும் படப்பகுதிக்குத் தனி நினைவகம் கிடையாது, ரெம்மிலிருந்தே எடுத்துப் பாவிக்கும். இரண்டு துண்டென்றால் இரு பாதைகள், ஒரு துண்டென்றால் ஒரு பாதை. அதே விலை, பாதி வேகம். வாங்கும் பலருக்கு இதை எவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. மற்றையவை: நான்கு ரெம் இடமுள்ள பி550 மதர்போட், 500 ஜிபி எஸ்எஸ்டி, நல்ல கம்பெனியின் 550 வோட் பவர் சப்ளை, முன்பக்கம் வலையடித்த கேசிங், சிறிய யுபிஎஸ். கடற்கரை ஊரின் உப்புக் காற்றுக்கும் மணலுக்கும் தூசு வடிகட்டி அவசியம். நிறம் மாறும் விசிறி வேண்டாமென்று மகனே வெட்டினான். மொனிட்டர் மைத்துனர் வீட்டில் சும்மா கிடந்தது.

இரா பஸ்ஸில் கொழும்புக்குப் போய், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இறங்கினோம். ஒரு கடைக்கும் மற்றதுக்கும் ஒரே சாமானில் விலை வித்தியாசம் இருந்தது. சில பாகங்களைக் கொழும்பில் எடுத்தோம், பழுதானால் திருப்பிக் கொடுக்கப் போகக்கூடியதாகப் பவர் சப்ளையையும் யுபிஎஸ்ஸையும் எங்கள் டவுனிலேயே எடுத்தோம். உத்தரவாதம் மூன்று வருடமென்றாலும், இராப் பயணத் தூரத்தில் இருந்தால் அது பாதி உத்தரவாதம்தான்.

பொருத்தியது அவன்தான். பாயை விரித்து, இரும்பைத் தொட்டு உடம்பின் நிலைமின்னைப் போக்கிவிட்டு உட்கார்ந்தான். அந்தப் புரொசசரின் அடியில் 1331 ஊசிகள். ஒன்று வளைந்தாலும் சீட்டுக் காசு போயிற்று. மூலையிலுள்ள தங்க முக்கோணத்தைப் பார்த்து, அழுத்தாமல், அதன் பாரத்தாலேயே இறங்க விட்டான். உம்மா டோர்ச் பிடித்தாள். ராத்தா ஆணிகளை ஒரு சாயக் கோப்பையில் சேர்த்து வைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழு வருடத்தில் அவன் விரல்கள் அவ்வளவு பொறுமையாக அசைந்து நான் கண்டதில்லை.

ஆசிரியர் அறையில் கேட்டார்கள்: "மாஸ்டர், மகனுக்கு விளையாடவா அவ்வளவு செலவு?" 2023 இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் இதற்கும் பதக்கம் கொடுத்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் மகன் பதக்கம் வாங்கப் போகிறவனல்ல. விளையாட்டு விளையாட்டாகவே இருக்கட்டும். ஆனால் மின்கட்டணத்தை அவனைக் கொண்டே கணக்கிட வைத்தேன். 100 வோட் என்று வைத்தால் தினம் மூன்று மணித்தியாலம், மாதத்துக்கு 9 அலகு. காட் போட்டு 200 வோட் ஆனால் 18 அலகு. எங்கள் கட்டணம் படிப்படியாக ஏறுவதால், ஒரு படி தாண்டினால் வீட்டிலுள்ள எல்லோருக்கும் விளங்கும். அவன் தன் நேரத்தைத் தானே குறித்துக்கொண்டான். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனபோது யுபிஎஸ் அலறிக்கொண்டு சில நிமிடம் தந்தது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு என்று அமைச்சர் சொன்னார். "குரங்குக்கும் சேத்துத்தான் வாப்பா யுபிஎஸ்" என்றான்.

காட்டுக்கான காசை அவன் சேர்க்கத் தொடங்கினான். ஊரில் கொம்பியூட்டர் துடைப்பது, விண்டோஸ் போடுவது எல்லாம் இப்போது அவன் கையில். 2025 இன் பிற்பகுதியில் உலகெங்கும் ரெம் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் அள்ளிக்கொண்டு போகின்றனவாம். எங்கள் இரண்டு துண்டும் முன்பே வாங்கியது எங்கள் அதிர்ஷ்டம், கெட்டித்தனமல்ல.

அந்த நாட்களில் ஒருவர் பாவித்த ஆர்எக்ஸ் 580 ஒன்றைக் கொண்டுவந்தார். விலை மலிவு, மகனின் கையில் காசும் இருந்தது. செருகி, பரிசோதிக்கும் மென்பொருளைத் திறந்தான். ஷேடர் 2304 காட்ட வேண்டிய இடத்தில் 2048 காட்டியது. அதே பெயரில் விற்கப்பட்ட குறைந்த ரகம். நான் எதுவும் சொல்லவில்லை. நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், காட்டை மெதுவாகக் கழற்றிப் பையில் போட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான்.

"பொறகு பாப்பம் வாப்பா. கம்பி அப்பிடியே நிக்கட்டும்."

சில தகப்பன்மார் இப்போது என்னிடம் வருகிறார்கள், பிள்ளைகளின் பட்டியலோடு. நான் மகனிடம் அனுப்புகிறேன். அவன் முதலில் விலையைப் பார்ப்பதில்லை. பேனையை எடுத்து, பிறகு சேர்க்கக்கூடியவற்றுக்கு ஒரு புள்ளி வைக்கிறான். புள்ளி இல்லாதவற்றில்தான் அவன் பேரம் பேசுவதே இல்லை.