செஞ்சிக் களஞ்சியம்

கோட்டை பார்க்கப் போகிறவர்களில் இரண்டு வகையார் உண்டு. சரித்திரத்தைத் தலையில் சுமந்து போகிறவர்கள் ஒரு வகை. சாப்பாட்டைத் தோளில் சுமந்து போகிறவர்கள் மற்றொரு வகை. முன்னவர்களுக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பசிக்கும். பின்னவர்களுக்குக் காலை பத்து மணிக்கே பசிக்கும். வித்தியாசம் அவ்வளவுதான். இரு வகையாரும் சேர்ந்து போனால்தான் பிரயாணம் சோபிக்கும் என்பது என் அபிப்பிராயம்.

அந்த முறைப்படியே நாங்கள் நால்வர் ஒரு சனி, ஞாயிறு விடுமுறையில் செஞ்சிக்குப் போய் வந்தோம். எங்கள் பள்ளிக்கூடத்துச் சரித்திர ஆசிரியர் ஒருவர், தமிழ்ப் பண்டிதர் ஒருவர், நான் ஒருவன், எங்கள் மூவருக்கும் பொதுச் சிநேகிதரான மளிகைக் கடைக்காரர் ஒருவர். எந்த ஊரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலும், "அங்கே சாப்பிட என்ன கிடைக்கும்?" என்பதுதான் கடைக்கார நண்பருடைய முதற் கேள்வி. செஞ்சியைப் பொறுத்த வரையில் அதைவிடப் பொருத்தமான கேள்வி வேறு இல்லை என்பது போய்ப் பார்த்த பிறகு விளங்கிற்று.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் மேற்கே சுமார் 28 கிலோமீட்டர் சென்றால் செஞ்சி. வல்லம் வட்டாரத்தைத் தாண்டும்போதே நிலத்தின் முகம் மாறத் தொடங்குகிறது. பச்சை வயல்களுக்கு நடுவே திடீர் திடீரென்று பாறைக் குன்றுகள் எழும்புகின்றன. மண் என்பதே இல்லாமல், உருண்டை உருண்டையான கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ அடுக்கி வைத்துவிட்டு, அடுக்கி முடிக்காமலே எழுந்து போய்விட்டது போல் இருக்கிறது. ஒரு கல்லைத் தொட்டால் மலை முழுவதும் சரிந்துவிடுமோ என்று தோன்றும். ஆனால் எத்தனையோ யுகங்களாக அவை அப்படியேதான் நிற்கின்றன.

செஞ்சிப் பஸ் நிலையத்தில் இறங்கியதும் கடைக்கார நண்பர் இட்டிலியும் பொங்கலும் சாப்பிட்டுத் திருப்தி அடைந்தார். பிறகு, கூடையில் வைத்து விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் வேக வைத்த வேர்க்கடலை வாங்கினோம். "மல்லாட்டை எத்தனை படி வேணும் ஸாமி?" என்று அந்த அம்மாள் கேட்டதும் பண்டிதருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மணிலாக் கொட்டை என்பதே இந்தப் பக்கத்து ஜனங்களின் வாயில் மல்லாட்டை ஆயிற்று என்று விளக்கம் சொன்னார். சரித்திர ஆசிரியரும் சும்மா இருப்பாரா? "இந்தக் கடலை தென் அமெரிக்காவில் பிறந்தது. தென்னாற்காட்டில் இது பெருவாரியாகப் பயிரானது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். செஞ்சி ராஜாக்களின் களஞ்சியத்தில் நெல் இருந்திருக்கும், மல்லாட்டை இருந்திருக்க நியாயமில்லை" என்றார். "பாவம்!" என்றார் கடைக்கார நண்பர், மிகவும் மனப்பூர்வமாக.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் இணைத்து, முக்கோணமாகச் சுமார் 13 கிலோமீட்டர் சுற்றளவுக்கு மதில் எழுப்பியிருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஆனந்தக் கோன் என்ற ஆயர் குலத் தலைவர் தொடங்கி வைத்ததாக ஊரார் சொல்லும் இந்தக் கோட்டையைப் பெரிதாக்கியவர்கள் விஜயநகரத்தின் கீழ் ஆண்ட செஞ்சி நாயக்கர்கள். 1597-ஆம் வருஷம் இங்கே வந்த பிமெண்டா என்ற ஏசு சபைப் பாதிரியார், கிருஷ்ணப்ப நாயக்கரின் நகரத்தைக் கண்டு வியந்து எழுதி வைத்திருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் பிஜப்பூர்ப் படைகள் இதைப் பிடித்தன. 1677-ல் சிவாஜி பிடித்தார். பின்னால் மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், ஹைதர் அலி என்று வரிசையாக வந்தார்கள். 'கிழக்கு நாட்டு ட்ராய்' என்று ஆங்கிலேயர் இதற்குப் பெயர் சூட்டினார்கள்.

இவ்வளவையும் சரித்திர ஆசிரியர் மதில் வாசலிலேயே சொல்லி முடித்துவிட்டார். கடைக்கார நண்பர் மதிலைப் பார்த்தார், அகழியைப் பார்த்தார். "அது சரி, ஸார். உள்ளே இருந்தவர்கள் எதைச் சாப்பிட்டார்கள்?" என்று கேட்டார்.

அதற்குப் பதில் ராஜகிரியின் அடிவாரத்திலேயே இருக்கிறது. கல்யாண மகாலின் அடுக்கு மாடிக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு நடந்தால் மாபெரும் களஞ்சியம் ஒன்று எதிர்ப்படுகிறது. அதன் சுவர்களின் கனத்தையும், வளைவான கூரையையும் பார்க்கும்போது, பீரங்கிக்கு அஞ்சியதைக் காட்டிலும் எலிக்கும் ஈரத்துக்கும் அதிகமாக அஞ்சிக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது. உள்ளே நின்று பேசினால் குரல் எதிரொலிக்கிறது. ஆனைக்குளம், செட்டிகுளம், சக்கரகுளம் என்று கோட்டைக்குள் நீர்நிலைகள் பல. சுட்ட மண் குழாய்கள் மூலம் கல்யாண மகாலின் மாடிகளுக்கே தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். கிருஷ்ணகிரியின் உச்சியிலோ, எண்ணெயும் நெய்யும் சேமித்து வைப்பதற்கென்றே கல்லால் கட்டிய தொட்டிக் கிணறுகள் இருக்கின்றன. இதைக் கேட்டதும் கடைக்கார நண்பர், "கட்டியவன் என் குலத்தான்!" என்று கைகூப்பினார்.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். வெயில் ஏறுவதற்கு முன்பே ஏறத் தொடங்கிவிட வேண்டும். வழியில் கமலக்கன்னியம்மன் கோவில் இருக்கிறது. கோட்டை பிறப்பதற்கு முன்பே இந்த மலையைக் காத்து வந்த தெய்வம் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். ராஜாக்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அம்மனுக்கு மட்டும் சித்திரை மாதத்தில் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது. உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து ஆழமான பள்ளம் விழுந்திருக்கிறது. அதன்மேல் ஒரு சிறு பாலம். அந்தக் காலத்தில் மரப்பாலத்தை எடுத்துவிட்டால் அப்பால் இருப்பவர்களை எவரும் நெருங்க முடியாது. அப்பாலோ பாறைச் சுனைகளில் நல்ல தண்ணீர், அங்கும் களஞ்சியம்.

அந்த உச்சியில் உட்கார்ந்து நாங்கள் கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்தோம். புளியோதரை, தயிர்சாதம், மாவடு, வறுத்த அப்பளம். சரித்திர ஆசிரியர் ராஜாராமுடைய கதையைத் தொடங்கினார்.

சிவாஜியின் இளைய குமாரரான ராஜாராம், மகாராஷ்டிரத்தில் தங்க இடமில்லாமல் தெற்கே வந்து செஞ்சியில் புகுந்தார். ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார்கான் 1690-ல் முற்றுகை தொடங்கினான். செஞ்சி விழுந்ததோ 1698-ல்! இடையில் நடந்த வேடிக்கை ஒன்று உண்டு. 1692-ஆம் வருஷக் கடைசியில், சந்தாஜி கோர்ப்படே, தனாஜி ஜாதவ் என்ற மராட்டியத் தளபதிகள் பெரும் குதிரைப் படையுடன் வந்து, வெளியே இருந்த மொகலாய சைன்யத்துக்குத் தானியம் வரும் வழிகளை அடைத்துவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் சாப்பிட்டார்கள். வெளியே இருந்து முற்றுகை இட்டவர்கள் பட்டினி கிடந்தார்கள்! ஜுல்பிகார்கான் சமாதானம் பேசிக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. மறுபடியும் வந்து, வருஷக் கணக்கில் காத்திருந்து, கடைசியில் கோட்டையைப் பிடித்தபோது ராஜாராம் அங்கே இல்லை. முன்னதாகவே தப்பிப் போய்விட்டார்.

"ஆகவே யுத்தத்தில் முக்கியமானது வாளும் அல்ல, மதிலும் அல்ல, சாப்பாடு வரும் வழிதான்—" என்று ஆசிரியர் முடிக்கும் சமயத்தில், பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு குரங்குப் பட்டாளம் பாய்ந்தது. அரை நிமிஷத்துக்குள் தயிர்சாதப் பாத்திரம் எதிரி வசம் ஆயிற்று. ஜுல்பிகார்கானுக்கு இந்தக் குரங்குகளின் சாமர்த்தியம் இருந்திருந்தால் செஞ்சி எட்டு வருஷம் தாங்கியிராது. செஞ்சிக்குப் போகும் வாசகர்கள் மூட்டையைக் கையிலேயே வைத்துக்கொள்வது உசிதம். மிச்சத்தையும் காகிதத்தையும் திரும்பக் கொண்டு வருவது அதைவிட உசிதம். குளத்துப் படிகளில் கிடந்த காலிப் புட்டிகளைப் பார்த்தபோது, எத்தனையோ பீரங்கிகளுக்குத் தப்பிய இடம் நமது சிற்றுண்டிக்குத் தப்புமோ என்ற கவலை உண்டாயிற்று. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ 2025-ஆம் வருஷம் ஜூலை மாதம் ஏற்றுக்கொண்டது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை, பன்னிரண்டாவது செஞ்சி. கௌரவம் வந்துவிட்டது, காவல் நம்முடையது.

மாலையில் கீழே இறங்கிச் செட்டிகுளத்துக் கரைக்கு வந்தோம். அங்கே ஒரு மேடை இருக்கிறது. ராஜா தேசிங்கை அங்கேதான் தகனம் செய்தார்கள் என்றும், அவனுடைய இளம் ராணி அங்கேயே உடன்கட்டை ஏறினாள் என்றும் சொல்கிறார்கள். அந்த ராணியின் நினைவாகவே நவாப் ராணிப்பேட்டைக்குப் பெயர் வைத்தான் என்பதும் வழங்கி வரும் கதை.

தேசிங்கு தமிழன் அல்லன், புந்தேல ராஜபுத்திரன். தேஜ் சிங் என்ற பெயர்தான் தேசிங்கு ஆயிற்று. தகப்பனார் ஸ்வரூப் சிங் மொகலாயர் நியமித்த கோட்டைத் தலைவர். அவர் இறந்த பின் மகன் கோட்டையை ஏற்றான். கப்பப் பாக்கி என்று ஆற்காட்டு நவாப் ஸாதத்துல்லாகான் படையெடுத்து வந்தான். தேசிங்குக்கு வயது இருபதைச் சற்றே தாண்டியிருக்கும். அவனிடம் இருந்தது சிறு படை. அவனுடைய சிநேகிதன் முகமதியன். மகபத்கான் என்று பெயர். கல்யாணக் கோலத்திலிருந்து எழுந்து வந்து சிநேகிதனுக்காகப் போரிட்டு மடிந்தான் என்று நாட்டுப் பாடல் கூறுகிறது. 1714-ஆம் வருஷம் அக்டோபர் மாதம், ஆற்றைக் கடந்து வெட்டவெளியில் நவாபின் பெரும் படையை எதிர்த்து, அன்றே தேசிங்கு இறந்தான். அவன் ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை.

சரித்திர ஆசிரியர் தலையை அசைத்தார். "மதில் இருக்கிறது, களஞ்சியம் இருக்கிறது, சுனை இருக்கிறது. பாலத்தை எடுத்துவிட்டு உச்சியில் உட்கார்ந்திருந்தால் மாதக் கணக்கில் தாங்கியிருக்கலாம். வெளியே போனது யுத்த சாஸ்திரப்படி புத்திசாலித்தனம் அல்ல" என்றார்.

"அப்படியானால், எட்டு வருஷம் உள்ளே இருந்த ராஜாராமை இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லையே! ஒரே நாளில் செத்தவனைத் தமிழ்நாடு முழுவதும் பாடுகிறார்களே! 1960-ல் சினிமாவும் எடுத்தார்களே!" என்றார் பண்டிதர்.

இதற்கு விடை கடைக்கார நண்பரிடமிருந்து வந்தது. "ஸார், களஞ்சியத்தில் நெல் தானாக முளைக்குமா? எட்டு வருஷம் உள்ளே ஒரு படை, வெளியே ஒரு படை. இரண்டுக்கும் நெல் எங்கிருந்து வந்திருக்கும்? வல்லத்துக்காரனும் மேல்சேரிக்காரனும் விளைத்ததுதானே? அவன் வீட்டில் அந்த எட்டு வருஷமும் என்ன வெந்திருக்கும்? தேசிங்கு ஒரே நாளில் கணக்கைத் தீர்த்துவிட்டான். குடியானவன் பாடாமல் என்ன செய்வான்?"

இது சரித்திரப் புத்தகத்தில் உள்ள காரணம் அல்ல. ஒரு மளிகைக்காரரின் ஊகம். ஆனாலும் எங்களில் ஒருவரும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. செஞ்சியின் பிற்காலச் சரித்திரமும் மதிலின் பெருமைக்குச் சாட்சி சொல்வதாக இல்லை. அத்தனை வருஷம் தாங்கிய இதே கோட்டையை 1750-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி ஒரே இரவில் பிடித்துவிட்டான். 1761-ல் அது ஆங்கிலேயரிடம் சரணடைந்தது.

மறுநாள் காலை சிங்கவரத்துக்குப் போனோம். பல்லவர் காலக் குடைவரையில் அரங்கநாதர் சுமார் 24 அடி நீளத்தில் பள்ளிகொண்டிருக்கிறார். தேசிங்கு போருக்கு விடை கேட்க வந்தபோது பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஐதிகம். போக வேண்டாம் என்று தெய்வமே சொல்லியும் அவன் போனான் என்று ஜனங்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அருகிலேயே திருநாதர்குன்று. ஒரு பெரிய பாறையின் முகத்தில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். இளவெயிலில் அத்தனை உருவங்களும் ஒரே அமைதியுடன் வீற்றிருக்கின்றன. பக்கத்தில் பழைய தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டை ஒட்டியது என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். சந்திரநந்தி என்ற ஜைன ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து இங்கே உயிர் துறந்தார் என்பதே அதன் செய்தி. பண்டிதர் அதைச் சொல்லி முடித்ததும், கையில் மல்லாட்டைப் பொட்டலத்துடன் நின்ற கடைக்கார நண்பர் அதை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு மலையில், எத்தனை வருஷம் ஆனாலும் சாப்பாடு குறையக் கூடாது என்று களஞ்சியம் கட்டினார்கள். கூப்பிடு தூரத்து மலையில், சாப்பாடே வேண்டாம் என்று ஒருவர் அமர்ந்தார். களஞ்சியத்தை நிரப்பிய குடியானவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அதைக் காலி செய்த தளபதிகளின் பெயர் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் தெரியும். களஞ்சியத்தை விட்டு வெளியே போன இளைஞன் பாட்டில் இருக்கிறான். சோற்றைத் துறந்த துறவி கல்லில் இருக்கிறார்.

குழந்தைகளுக்கு விடுமுறை வரும்போது வாசகர்கள் அவர்களைச் செஞ்சிக்கு அழைத்துப் போக வேண்டும். மதிலையும் பீரங்கியையும் அவர்கள் தாமாகவே பார்த்துக்கொள்வார்கள். களஞ்சியத்துக்குள் மட்டும் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, இதை நிரப்பியவர்கள் யார் என்று கேளுங்கள். பிறகு சிங்கவரத்துச் சாலையில் அரை நாள் செலவிடுங்கள். போகும் வழியில் மல்லாட்டை வாங்க மறக்க வேண்டாம்.