மோதியாவா, சமேலியா?

பழைய தில்லி தரீபா கலான் அத்தர் கடைகளில் நம்ம ஊர்ப் பூ ரெண்டும் வேற பேர்ல இருக்கு. மோதியான்னா குண்டுமல்லி, சமேலின்னா பிச்சி. ரெண்டுமே இனிப்பு வாசம்தான். புட்டியை மோந்து பார்த்து முடிவு பண்ணாதீங்க. இடது மணிக்கட்டில் ஒண்ணு, வலது மணிக்கட்டில் ஒண்ணு தடவிக்கிட்டு அரைமணி நேரம் நடங்க. சந்தன எண்ணெயில் இறக்கினதுன்னா, பூ வாசம் அடங்க அடங்க அடியில் சந்தனம் தெரியும்.

எனக்கு மோதியா கோயில் வாசல் பூக்கடை. சமேலி, அம்மா திண்ணையில் உட்கார்ந்து தொடுத்த பிச்சி. அப்பா போனதிலிருந்து அம்மா பூ வைக்கிறதில்லை. ஊர் ஏதாவது சொல்லுமாம்.

அத்தர் யார் கண்ணுக்குத் தெரியப்போகுது? சமேலியே வாங்கிட்டேன். காதுக்குப் பின்னால ஒரு துளி போதும்மா.