கள்ளிக்குப்பத்துக்கு எத்தனை எழுத்து?

அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் போகும் சாலையில் இருக்கிறது கள்ளிக்குப்பம். அங்கே ஒரு வீட்டு மாடியில், தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்கு பில் மென்பொருள் எழுதித் தரும் அக்காவிடம் ஜாவாஸ்கிரிப்ட் கற்றுவருகிறேன். லேத், பிரஸ், மோல்டிங் என்று பட்டறைக்காரர்கள் தரும் பட்டியலில் பெயர், தெரு, ஊர், பின்கோடு எல்லாம் ஒரே வரியில் ஒட்டிக் கிடக்கும். அதைப் பிரித்துக் கட்டம் கட்டமாகப் போடுவது என் வேலை.

இதற்கு ஸ்பிளிட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. எந்தக் குறியில் வெட்டலாம் என்று சொன்னால் துண்டுகளை அர்ரேயாகத் தரும். மூல வரிக்குச் சேதமில்லை. அதன் குணங்கள் சில விசித்திரமானவை. காலி வரியை கமாவில் வெட்டச் சொன்னாலும் ஒரு துண்டு வரும், வெறுமையாக. இரண்டு துண்டு போதும் என்று வரம்பு வைத்தால் மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடும். பைத்தானில் வரம்பு வைத்தால் மிச்சம் கடைசித் துண்டோடு சேர்ந்து வரும். எனக்குப் பைத்தானின் பழக்கம்தான் நியாயமாகப் படுகிறது.

ஆனால் பாடம் ஃபங்ஷனில் இல்லை, விலாசத்தில் இருந்தது. சென்னைக்காரர்கள் பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் எழுதுவார்கள், நடுவே ஒரு கமாவோடு. இரண்டாவது துண்டுதான் தெரு என்று நம்பினால் அங்கே வீட்டு எண் உட்கார்ந்திருக்கும். "முன்னாடி இருந்து எண்ணாத, பின்னாடி இருந்து வா" என்றார் அக்கா. கடைசித் துண்டு பின்கோடு, அதற்கு முன் ஊர். வால் பக்கம் அவ்வளவாக மாறுவதில்லை. அப்படியும் 600053 என்று எழுதாமல் 'சென்னை-53' என்று முடிப்பவர்களுக்குத் தனியாக ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது. பெயரை ஸ்பேஸில் வெட்டி முதல் துண்டை 'முதல் பெயர்' என்று எடுப்பது இன்னொரு வம்பு: நம் ஆட்களுக்கு முதலில் வருவது அப்பாவின் இனிஷியல்.

லேபிள் அச்சடிக்கும் வேலை வந்தபோது அக்கா, "நம்ம ஊர் பேரையே வெட்டிப் பாரு" என்றார். காலி மேற்கோளைக் கொடுத்து வெட்டினால் ஒவ்வொரு எழுத்தும் தனியாக வர வேண்டும். கள்ளிக்குப்பம் என்பதை நாம் எண்ணினால் 8 எழுத்து. கன்சோலில் விழுந்தவை 14 துண்டுகள். 'ளி' என்பது ள வேறு, கொக்கி வேறு. 'ம்' என்பது ம வேறு, புள்ளி வேறு. யூனிகோடில் மெய்ப்புள்ளிக்கும் உயிர்க்குறிகளுக்கும் தனித்தனி இடம். ஜாவாஸ்கிரிப்ட் அந்த இடங்களைத்தான் எண்ணுகிறது. லேபிளில் இடமில்லை என்று முதல் எட்டை மட்டும் எடுத்தால் 'கள்ளிக்க' என்று அச்சாகும். கு-வின் உகரம் போய்விடும்.

ஒவ்வோர் உயிர்மெய்க்கும் சொந்த இடம் தரும் டேஸ்16 குறியாக்கத்தை 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடுக்கு மாற்றுத் தரமாக ஏற்றது. இணையம் யூனிகோடோடுதான் போனது. ஆகவே வழியை ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளேயே தேட வேண்டும். அதன் பெயர் இன்டல் செக்மென்ட்டர். மொழி தமிழ், அளவு கிராஃபீம் என்று சொன்னால் க, ள், ளி, க், கு, ப், ப, ம் என்று எட்டையும் சரியாகத் தருகிறது. குரோமில் 2020-இலேயே வந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் வர 2024 ஆனது.

தமிழ்ப் பெயர்களை வாங்கும் படிவம் எழுதுபவர்கள், 'பெயர் 20 எழுத்துக்குள்' என்று போடும் முன் எதை எண்ணுகிறீர்கள் என்று பாருங்கள். செக்மென்ட்டரும் 'க்ஷ' வந்தால் க், ஷ என்று இரண்டாகவே எண்ணும். லக்ஷ்மி பெயரில் லேபிள் அடிப்பவர்கள் அதற்குத் தனியாக ஒரு வரி எழுதிக்கொள்ள வேண்டும்.