டி.பி.யாகவே இருக்கட்டும்

எனக்கு டி.பி.யாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டவன் நான். வீட்டில்கூட இதைச் சொன்னதில்லை.

சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் புண்கள். சதை எடுத்துப் பார்த்தும் கிருமி சிக்கவில்லை. குடல் காசநோயும் க்ரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோயும் ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே சாயலில் வரும், வைத்தியமோ நேரெதிர். க்ரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்து, உள்ளே இருப்பது டி.பி.யாக இருந்துவிட்டால் உடம்பெங்கும் பரவலாம். “முதல்ல டி.பி. மாத்திரை ஆரம்பிப்போம் சார். ரெண்டு மாசத்துல தெரிஞ்சிடும்” என்றார் டாக்டர். டி.பி. என்றால் பெரும்பாலும் ஆறு மாதத்தில் கணக்கு தீரும்; க்ரோன்ஸ் ஆயுள் முழுக்கக் கூடவே வரும். வேறு எதை வேண்டுவேன்?

ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பூட்டால். நான்கும் ஒரே மாத்திரைக்குள், காலையில் வெறும் வயிற்றில். ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் அதற்குத் தப்பிய கிருமி பெருகிவிடும். ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்த 1940களிலேயே கண்ட உண்மை இது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனதும், மருந்து வேலை செய்கிறது என்று எனக்குச் சந்தோஷம். அது வெறும் ரிஃபாம்பிசின் சாயம். அம்மாவோ என் தம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார். குடல் டி.பி. தம்ளரில் ஒட்டாது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

வலி குறைந்தது, பசி எடுத்தது. ஆனால் டாக்டர் அதைச் சாட்சியாக ஏற்கவில்லை. க்ரோன்ஸ்காரர்களில் சிலருக்கும் இந்த மருந்தில் கொஞ்ச காலம் சுகம் தெரியுமாம். புண் ஆறியதா என்பதுதான் கேள்வி. மறுபடி பேதி மருந்து, மறுபடி கொலனோஸ்கோபி. திரையில் புண்கள் அப்படியே இருந்தன.

அப்போதும் நான் விடவில்லை. மாடுகளுக்கு ஜோன்ஸ் நோய் தரும் கிருமி, காசநோய்க் கிருமியின் பங்காளி. க்ரோன்ஸுக்கும் அதுவே காரணம் என்று சொல்லும் கட்சி ஒன்று உண்டு. அதைப் படித்துவிட்டு டாக்டரிடம் போய் நின்றேன். 2007இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வை எடுத்துக் காட்டினார். 213 நோயாளிகள், கிளாரித்ரோமைசின், ரிஃபாபுட்டின், கிளோஃபசமைன் மூன்றையும் சேர்த்து இரண்டு ஆண்டுகள். தொடக்கத்தில் எல்லோருக்கும் ஸ்டீராய்டும் உண்டு. 16ஆம் வாரத்தில் மருந்துக்காரர்களில் 66 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது, போலி மாத்திரைக்காரர்களில் 50. அந்த முன்னிலை பிறகு நிலைக்கவில்லை.

டி.பி. மாத்திரை நின்றது, ஸ்டீராய்டு, அப்புறம் அசதியோப்ரின். “வலி இல்லை டாக்டர்” என்று சொல்லிக்கொண்டேதான் இப்போதும் உள்ளே போகிறேன். அவர் தலையாட்டிவிட்டு ரிப்போர்ட்டைப் புரட்டுகிறார். நானும் எட்டிப் பார்க்கிறேன்.