காதுல ஒரு புல்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆணி ஜாஸ்தி. இந்தத் தடவை ஆணி பிடுங்க ஆப்பிரிக்காவுக்கே அனுப்பிட்டாங்க. ஜாம்பியாவுல கிட்வேன்னு ஒரு ஊர், சுத்திலும் செம்புச் சுரங்கம். ஒரு கம்பெனிக்கு ஹெச்.ஆர். சாஃப்ட்வேர் போட்டுக் குடுக்க மூணு மாசம். தயிர் சாதம், மாவடுன்னு ஓடுது பொழப்பு.

போன ஞாயித்துக்கிழமை கிளையண்ட் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் "சும்மா ரூம்லயே கிடக்காதே"ன்னு கார்ல தூக்கிப் போட்டுக்கிட்டு சிம்ஃபுன்ஷிக்குக் கூட்டிட்டுப் போனார். சிங்கோலா தாண்டி சோல்வெசி போற ரோட்டுல போய், மண் பாதையில திரும்பி, முதுகெலும்பு நாலைஞ்சு தடவை இடம் மாறின பிறகு காஃபுவே ஆத்தங்கரையில வருது இடம். சிம்பன்சிகளுக்கான சரணாலயம்.

இதுல ஒரு விசயம் என்னன்னா, ஜாம்பியா சிம்பன்சியோட சொந்த ஊரே கிடையாது. பக்கத்து காங்கோவுலேர்ந்து கடத்திட்டு வர்றது. குட்டி வேணும்னா தாயைச் சுட்டாத்தான் கிடைக்கும், அது குட்டியைக் கையை விட்டு இறக்காது. 1983ல வேட்டைக்காரங்ககிட்டேர்ந்து பிடிச்ச, காயம்பட்டு சாகக் கிடந்த ஒரு குட்டியை, வனத்துறைக்காரர் ஒருத்தர் டேவிட், ஷீலா சிடில்னு ஒரு தம்பதிகிட்ட கொண்டாந்து குடுத்தார். அவங்க மாட்டுப் பண்ணை வச்சிருந்தவங்க. குட்டி பிழைச்சது, 'பால்'னு பேர் வச்சாங்க. சேதி பரவி ஒண்ணு, ரெண்டுன்னு வர ஆரம்பிச்சு இன்னைக்கு நூத்துக்கும் மேல.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். காட்டுக்குள்ள இருக்கிற கூட்டம் சாப்பாட்டுக்காகக் கட்டடத்துப் பக்கம் வருது. பராமரிக்கிற அண்ணன் ஒவ்வொண்ணையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுறார். பழம், காய், மக்காச்சோள மாவு உருண்டை. ஒரு கிழம் ரெண்டு கையிலயும் வாயிலயும் பத்தாம கால்லயும் எடுத்துக்கிட்டு நடக்கத் திண்டாடுனதைப் பார்த்தப்போ கல்யாண வீட்டுப் பந்தி ஞாபகம்தான்.

வயிறு ரொம்பினதும் ஆட்டம். ஒரு பொடியன் காய்ஞ்ச குச்சி ஒண்ணை வாயில கவ்விக்கிட்டு ஓடுறான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்க்கிறான். யாரும் துரத்தல. திரும்ப வந்து, படுத்திருந்த பெரிய ஆம்பளையோட மூக்குக்கு முன்னால குச்சியை ஆட்டிட்டு மறுபடி ஓட்டம். அவரு என்னை மாதிரி ரெண்டு பேரைத் தூக்கி வீசுற ஆகிருதி. சோம்பலா கையை நீட்டி, அவன் காலைப் பிடிச்சு இழுத்து, கழுத்துக்கடியில கிச்சுகிச்சு மூட்டுறார். அவன் சிரிக்கிறான். நெசமாவே சிரிப்புங்க. ஹஹ் ஹஹ்னு மூச்சு வாங்குற மாதிரி சத்தம், வாய் தொங்கத் திறந்திருக்கு, மேல் பல் தெரியல. விட்டா எழுந்து ஓடாம, "இன்னும்"ங்கிற மாதிரி கழுத்தைக் காட்டிக்கிட்டு அங்கேயே படுத்திருக்கான்.

பல்லைக் காட்டலையேன்னு கேட்டேன். அண்ணன் ஒரு மாதிரி பார்த்தார். சிம்பன்சி பல்லு மொத்தமும் தெரிய இளிச்சா அது பயம்னார். சென்னை ஆபீஸ்ல என் மேசையில ஒரு படம் ஒட்டியிருக்கேன். கோட்டு, டை போட்ட குட்டிச் சிம்பன்சி போனைக் காதுல வச்சுக்கிட்டு ஈன்னு இளிக்கும். 'திங்கட்கிழமை'ன்னு கீழ எழுதியிருக்கும். ரெண்டு வருசமா அதைப் பார்த்து நானும் சிரிச்சிருக்கேன், வர்றவன் போறவனும் சிரிச்சிருக்கான்.

சரி, தலைப்புக்கு வர்றேன். 2010ல இங்க ஜூலின்னு ஒரு அம்மணி ஒரு புல்லைக் கிள்ளிக் காதுல சொருகிக்கிட்டு அப்படியே சுத்த ஆரம்பிச்சது. ஒரு பிரயோசனமும் இல்ல. ஆனா அந்தக் கூட்டத்துல 12 பேர்ல 8 பேர் அதையே செய்ய ஆரம்பிச்சாங்க. மத்த கூட்டங்களும் இதே புல்வெளியிலதான் இருக்கு, அங்க இந்த ஃபேஷன் பரவல. ஜூலி செத்த பிறகும் ரெண்டு பேர் சொருகிக்கிட்டே இருந்தாங்களாம். எட்வின் வான் லூவென்ங்கிறவர் குழுவோட 2014ல இதை ஆராய்ச்சிக் கட்டுரையாவே எழுதிட்டார். 2023ல வேற ஒரு கூட்டத்துல அதே பழக்கம் முளைச்சது. (அங்க ஒருத்தர் ஒரு படி மேல போய்ப் பின்பக்கமும் சொருகிக்கிட்டார், அதுவும் பரவுச்சு. இதுக்கு மேல கேட்காதீங்க.) பராமரிக்கிறவங்க தீக்குச்சி, புல்லால காது குடையுறதைப் பார்த்துத்தான் வந்திருக்கணும்னு அவங்களுக்குச் சந்தேகம். பைக் சாவியை விட்டுக் குடையுற நம்மாளுங்களை இது பார்க்காம இருக்கிறது நல்லது.

இதெல்லாம் படிக்கப்போய்த்தான் ராத்திரி ரூம்ல தாமஸ் கதை கண்ணுல பட்டுச்சு. அவனும் இங்க இருந்தவன்தான். அம்மா இல்லாதவன், நோயல்ங்கிற வேறொரு பொம்பளைதான் கூடச் சேர்த்துக்கிச்சு. ஒன்பது வயசுல செத்துப்போயிட்டான். நோயல் அவன் பக்கத்துல உக்காந்து, வாயைத் திறந்து, ஒரு கெட்டியான புல்லை எடுத்து அவன் பல்லைச் சுத்தம் பண்ணியிருக்கு. மத்தவங்களைச் சாப்பாடு காட்டிக் கூப்பிட்டுட்டாங்க, இது எழுந்திரிக்கல. அதோட பொண்ணு நீனா கூடவே உக்காந்து பார்த்துக்கிட்டிருந்திருக்கு. 2017ல வெளியான கட்டுரை. காரணம் இதுதான்னு யாரும் அடிச்சுச் சொல்லல. நானும் சொல்லப் போறதில்ல.

ஆனா லேப்டாப்பை மூடிட்டேன். எனக்கு அம்மா தவறினப்போ ஏழு வயசு. அருப்புக்கோட்டையில பெரியம்மாதான் வளர்த்தாங்க. காலையில வாசப்படியில உக்கார வச்சு, ரோஸ் கலர் பல்பொடியை விரல்ல தொட்டு அவங்களே தேய்ச்சு விடுவாங்க. பத்து வயசு வரைக்கும். நான் கடிச்சும் வச்சிருக்கேன்.

இப்போ நான் இங்க பிடுங்குற ஆணி என்னன்னா, ஊழியர் குடும்ப விவரம் நிரப்புற ஒரு ஸ்க்ரீன். உறவுன்னு ஒரு டிராப் டவுன். தாய், தந்தை, கணவன், மனைவி, மகன், மகள். போன மாசம் இங்க ஒரு அம்மா வந்து, "என் அம்மாவோட அக்காவைச் சேர்க்கணும், எங்க பெம்பா வழக்கத்துல அவங்களும் அம்மாதான், எது செலக்ட் பண்ண?"ன்னு கேட்டாங்க. லிஸ்ட்ல இல்லாதது புது ரெக்வயர்மெண்ட், தனியா எழுதிக் குடுங்கன்னு அனுப்பிட்டேன். அதைச் சொன்னது 'பெரியம்மா'ன்னு தினமும் கூப்பிட்டு வளர்ந்த வாய். அவங்களும் சரி சார்னு போயிட்டாங்க.

என் சொந்தக் கம்பெனி இன்சூரன்ஸ்லயும் தாய்ங்கிற இடம் காலியாத்தான் இருக்கு. விதின்னு ஒண்ணு சொன்னாங்க, தலையாட்டிட்டு வந்துட்டேன். பெரியம்மாவுக்குப் போன வருசம் கண் ஆபரேசன். செலவை யாரு குடுத்தாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கேட்டதே இல்ல.

மறுநாள் காலையில அங்க விடிஞ்சு வெகு நேரம் ஆனப்புறம் போன் பண்ணேன்.

"ஏய்யா, என்ன திங்கக்கிழமையில? உடம்புக்கு முடியலையா?"

"இல்ல பெரியம்மா. நேத்து சிம்பன்சி பார்க்கப் போயிருந்தேன்."

"குரங்கா? கடிச்சு கிடிச்சு வச்சிறப் போகுது, தள்ளி நில்லு."

கண் ஆபரேசனுக்கு எவ்ளோ ஆச்சுன்னு கேட்டேன். அதெல்லாம் அப்பவே முடிஞ்சுதுன்னாங்க. விடாம கேட்டேன். கடைசில, ரெட்டைவடச் சங்கிலி இப்ப இல்லைன்னு மட்டும் சொன்னாங்க.

டிராப் டவுன்ல ஒரு வரி சேர்க்க நாப்பது நிமிசம் ஆச்சு, டெஸ்டிங்கோட சேர்த்து. மேனேஜர் இன்னும் ஒத்துக்கல. அந்த அம்மா பேரை எந்த மெயில்ல வச்சிருந்தேன்னுதான் தேடிக்கிட்டிருக்கேன்.