யோபுவின் மாடுகள்

திருத்தங்கல் போயிருந்தேன். எதிர்வீட்டு அக்கா பட்டாசு ஆலை விபத்தில் புருஷனை இழந்தவர். ஆனாலும் ஞாயிறு தவறாமல் சர்ச். "அப்படி என்னக்கா குடுத்தாரு உங்க சாமி?"ன்னு கேட்டுட்டேன். (இன்புட் குடுத்தா அவுட்புட் வரணும்னு நினைக்கிற பொட்டிதட்டி புத்தி!)

"குடுப்பாருன்னு போகல தம்பி. கூட இருக்காருல்ல, அதான்."

தேவசகாயம் பிள்ளை ஞாபகம் வந்தார். மாடும் பயிரும் போய் நொந்திருந்த திருவிதாங்கூர் அதிகாரி. 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்ட, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் அவருக்குச் சொன்னது, எல்லாம் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதை. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். பிறகு சிறை, அடி, 1752-ல் காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. புனிதர் பட்டமெல்லாம் 2022-ல்தான்.

யோபுவுக்காவது கடைசியில் மாடுகள் இரட்டிப்பாகக் கிடைத்தன. பிள்ளைக்கு அதுவும் இல்லை. அக்காவுக்கும்தான்.