ஆவாரை போய் வேலிக்காத்தான் வந்த நிலம்

வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் இடையில், பாலாற்றை ஒட்டி ஒரு காடு இருக்கிறது. வனத்துறைக் கணக்கில் அது காடு இல்லை, பட்டா நிலம். முன்பு அங்கே ஒரு டேனரி, தோல் பதனிடும் ஆலை, ஓடியது. மூடிப் பல வருஷம் ஆகிறது. ஊர்க்கோடியில் ஆற்று மணலில் இறங்கி, டேனரியின் இடிந்த மதிலை ஒட்டியே போய், ஏரிக்கரையில் ஏறி, தென்னந்தோப்புக்குள் புகுந்தால் மறுபடி ஊர் வந்துவிடும். நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரச் சுற்று. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய்ச் சுற்றிப் பழகியவர்கள் நாங்கள். இங்கேயும் கால் தானாக வலமாகத்தான் திரும்பும். ஜவ்வாது மலை கொஞ்ச தூரம் கூடவே வரும்.

காட்டில் முக்கால்வாசி வேலிக்காத்தான். பேப்பரில் சீமைக் கருவேலம் என்று எழுதுவார்கள். நடுநடுவே வேம்பு, புங்கன், மதில் வெடிப்பில் ஓர் அரசங்கன்று. சுண்ணாம்புக் குழிகள் வரிசையாக இருந்த இடத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறது, அதைச் சுற்றிக் கோரை. செம்போத்து ஒன்று தாழப் பறந்து மறையும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கத்தும். டேனரி ஓடிய நாளில் இங்கே இருந்தவை காக்கையும் பருந்தும் நாயும்தான். எனக்கு இந்தக் காட்டைப் பிடிக்கும். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

ஏரிக்கரையில் ஏறும் மேட்டில் மட்டும் நாலைந்து ஆவாரைச் செடி நிற்கிறது. பூத்திருந்தால் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். பாட்டியின் தலைமுறைக்கு ஆவாரை பூ இல்லை, பட்டை. மழை பெய்து ஈரம் ஊறியதும் பட்டை லேசாகக் கழன்று வருமாம். கொடுவாளால் கிளையை வெட்டி, குச்சியைக் கல்லில் வைத்துத் தட்டி உரித்து, காயவைத்துக் கட்டாகக் கட்டித் தலைச்சுமையாக டேனரி வாசலுக்குக் கொண்டுபோவார்கள். எடை போட்டுக் காசு. உரித்த குச்சி வீட்டு அடுப்புக்கு. பட்டை உரித்த நாளில் விரல் நுனியெல்லாம் கறுத்துப்போய், சோறு பிசைந்தாலும் துவர்க்கும் என்பாள் பாட்டி.

அந்தத் துவர்ப்புதான் தொழில். மாட்டுத்தோலைக் குழியில் பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் முக்கி எடுத்தால் அது ‘ஈ.ஐ.’ தோல், அதாவது ஈஸ்ட் இந்தியா தோல். அரைப் பதமாகவே மதராஸிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறும். முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்தோலுக்காக அரசாங்கமே இதை வாங்கியது. கான்பூர்க்காரர்களுக்குக் கருவேலம்பட்டை, நமக்கு ஆவாரம்பட்டை. ஜவ்வாது மலையடியிலும் ஏரி மேடுகளிலும் வெட்ட வெட்டத் துளிர்த்த ஒரு புதர், உலகத்தின் மறுகோடியில் ஒருவன் காலில் போய் நின்றிருக்கிறது. இந்தத் தொழிலே செடிகொடியிலிருந்துதான் பிறந்தது. டேனரி செத்த இடத்தில் மரம் முளைப்பதைப் பார்க்கும்போது எனக்கு அது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

ஆவாரம்பட்டையின் இடத்தைப் பிற்பாடு பிடித்த குரோமியமும் முதலில் விவசாயிக்காகத்தான் வந்தது என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. தாத்தாவின் கிணற்றில் கவலை ஓடியது. இரண்டு மாடு சரிவில் இறங்கும். சால் மேலே வரும். தோலாலான வால் வழியே தண்ணீர் தொட்டியில் கொட்டும். நாளெல்லாம் ஊறிக் காய்ந்து ஊறுகிற அந்தத் தோல் சீக்கிரம் அற்றுப்போகும். சென்னைக் கலைப்பள்ளியில் இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி 1900களின் தொடக்கத்தில் குரோம் முறையில் தோல் பதனிட்டுப் பார்த்தார். அந்தத் தோல் தண்ணீரில் கெடவில்லை. கவலைக்கு அதுதான் சரி என்று கிராமங்களுக்குப் போனது. 1912-இல் சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் பல்லாவரத்துப் பக்கம் குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார். இன்று மின்சார ரயிலில் குரோம்பேட்டை என்று டிக்கெட் எடுக்கிறவர்கள் அந்தக் கம்பெனியின் பெயரைத்தான் சொல்கிறார்கள். கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவர உதவிய தோல் அது. அதே தொழில் பிற்பாடு எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் செய்தது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் குடும்பத்தின் கதை கிடக்கிறது.

பட்டையிலிருந்து குரோமுக்கான மாற்றம் மெதுவாக வரவில்லை. 1972-இல் சீதாராமய்யா கமிட்டியின் அறிக்கை வந்தது. அரைப் பதத் தோலை அனுப்பாதே, முழுசாக முடித்த தோலாகவும் ஷூவாகவும் அனுப்பு, வேலையும் அந்நியச் செலாவணியும் இங்கேயே தங்கட்டும் என்றது. அடுத்த ஆண்டே ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு. நோக்கத்தில் தப்பில்லை, இன்று வரை அதன் சோற்றைத்தான் சாப்பிடுகிறோம். ஆனால் முழுசாக முடிக்கும் தோலின் கழிவுநீர் எங்கே போகும் என்பதற்கு அப்போது யாரும் இடம் பார்த்து வைக்கவில்லை. வாரக்கணக்கில் பட்டைக் குழியில் கிடந்த தோல், மர டிரம்முக்குள் குரோம் உப்போடு சுழன்று ஒரு நாளில் நீலமாக வெளியே வந்தது. வெட் ப்ளூ. பட்டைக் கட்டோடு வாசலில் நிற்பவர்கள் தேவைப்படாமல் போனார்கள்.

எங்கள் கிணறு உப்பானதும் நைனா டேனரிக்கு வேலைக்குப் போனார். கிணற்றைக் கெடுத்த இடத்துக்கே கூலிக்குப் போனவர்கள் எங்கள் பக்கம் எத்தனையோ பேர். சுண்ணாம்பு யார்டில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித்துகள். ரோமம் கழற்ற, சதை செதுக்க, முழங்கை வரை சுண்ணாம்பில் இருந்தவர்கள். நைனாவுக்கு டிரம் பக்கம் வேலை. அதுவே ஒரு சாதிச் சலுகைதான் என்று எனக்கு வளர்ந்த பிறகு புரிந்தது. வீட்டுக்கு வந்ததும் முதலில் வெளியிலேயே குளிப்பார். அவர் சட்டை மேல் இருந்த வாசனை எனக்கு நைனாவின் வாசனை. வெளியூர்க்காரர்கள் ரயில் ஜன்னலைச் சாத்தும்போது எனக்குக் கோபம் வரும். இப்போதும் தங்கை ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறாள். விடியுமுன் கம்பெனி பஸ் வந்து எங்கள் தெருப் பெண்களை ஏற்றிப் போகிறது. உமராபாத்தில் 1924 முதல் நடக்கும் தாருஸ்ஸலாம் மதரஸாவைக் கட்டியவர் ஒரு தோல் வியாபாரி. இந்த ஊர்களின் பள்ளி, ஆஸ்பத்திரி, கல்யாணம், சீர்வரிசை எல்லாவற்றிலும் தோல் காசு இருக்கிறது. அதை மறந்துவிட்டு இங்கே எதையும் எழுத முடியாது.

சுற்றின் கடைசியில் வரும் தென்னந்தோப்பில் தொழிலின் இன்னொரு கணக்கு தெரியும். மட்டை நுனி கருகி, குருத்து சிறுத்து, காய் விரல்கடை அளவில் உதிர்ந்து கிடக்கும். எல்லாரும் குரோமியத்தைச் சொல்வார்கள். எங்கள் மண்ணை அதிகம் கொன்றது சாதாரண உப்பு. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வரும். ஊறவைத்துக் கழுவும் முதல் தண்ணீரிலேயே அதில் பெரும்பகுதி கரைந்து வெளியேறும். குரோமியத்தைக் கசடாகப் படியவைத்துப் பிடித்துவிடலாம். உப்பு படியாது; எந்தச் சாதாரணத் தொட்டியிலும் நிற்காமல் தண்ணீரோடு நடந்துவிடும். அதனால்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் பின்னாளில் சவ்வு வைத்து வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக எடுக்கத் தொடங்கினார்கள். எடுத்த கலப்பு உப்பை வாங்க ஆளில்லை. அது கொட்டகைகளில் குவிகிறது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு வந்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனது என்று அதில் இருக்கிறது. கெடுத்தவனே சரிசெய்யச் செலவு செய்ய வேண்டும் என்பதை இந்த நாட்டின் சட்டமாக உறுதிசெய்த தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே பாலாற்றுக்காகத் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது: பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடு, கெடுத்தவர்களிடம் வசூலி, ஆற்றை மீட்கக் குழு போடு. இரண்டு தேதிக்கும் நடுவில் தாத்தா போனார், நைனாவும் போனார்.

காட்டின் வடமூலையில் சில சமயம் புகை எழும். வேலிக்காத்தானை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பார்கள். இஸ்திரி வண்டிகளுக்குப் போகும். எங்கள் பக்கத்துக் கரிச்சுரங்கம் அவ்வளவுதான். நிஜமான கரிச்சுரங்கத்தைச் சின்ன வயதில் நெய்வேலியில் சித்தப்பா வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது என்பதில் தொடங்கி, 1956-இல் நிறுவனம் ஆனது, 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது எல்லாவற்றையும் சித்தப்பா சொந்தக்காரர் கதையாகச் சொல்வார். சுரங்கத்தின் அடியில் ஊற்று நீர் பெரும் அழுத்தத்தில் மேலே முட்டிக்கொண்டிருக்கும். ராத்திரி பகலாக இறைத்தால்தான் வெட்ட முடியும். தோண்டிக் கொட்டிய மண்மேடுகளில் மரம் வைத்து வளர்த்திருக்கிறார்கள். அந்த நிழலில் சித்தப்பாவோடு நடந்தபோது, “எனக்கடியில கரி இருந்துச்சு, இப்ப மரம் இருக்கு” என்று பெருமையாகச் சொன்னார். 

நெய்வேலிக் காட்டின் மேல் எனக்கு முழு மரியாதை கிடையாது. 2023 ஜூலையில் அதே சுரங்கத்தின் விரிவாக்கத்துக்காக வளையமாதேவியில் பயிர் நிற்கும் வயலுக்குள் இயந்திரம் இறங்கி வாய்க்கால் வெட்டியதை நாம் எல்லோரும் பார்த்தோம். பழைய பள்ளத்தின் மேல் மரம் நட்டுக்கொண்டே புதுப் பள்ளத்துக்கு நெல்லை எடுப்பது மீட்பு ஆகாது. ஆனாலும் ஒரு விஷயம் அங்கே இருக்கிறது, எங்களிடம் இல்லை. அந்தக் காட்டுக்கு ஒரு பொறுப்பாளி உண்டு. எந்த மேட்டில் எந்த மண், எந்த வருஷம் எந்த மரம் என்று ஒரு அலுவலகத்தில் கேட்கலாம். சரியில்லை என்றால் வாசலில் போய் உட்காரலாம். எங்கள் காட்டை யாரும் நடவில்லை. கைவிட்டதில் முளைத்தது. குழியில் என்ன இருக்கிறது, மதிலுக்குள் கசடு எத்தனை அடி என்று கேட்க ஆள் இல்லை.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டை இருக்கிறது. அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் நிறுவனம் 1975-இல் தொடங்கி 1995-இல் மூடியது. தோலுக்குப் போடும் குரோமியம் மூன்று வலுவுள்ளது, ஓரளவு சாது. அங்கே குவிந்தது ஆறு வலுவுள்ளது, தண்ணீரில் கரையும், புற்றுநோய் தரும். ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் கசிகிறது. அதே சிப்காட்டில் 2015 ஜனவரி 31 விடியுமுன் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிய தொழிலாளிகள் பத்துப் பேர் சேற்றில் செத்தார்கள். பெரும்பாலும் வங்காளத்துப் பையன்கள். நடக்கும்போது அவர்களை நினைத்துக்கொள்வேன்.

வேலிக்காத்தானை வேரோடு பிடுங்கு என்பதுதான் இப்போது எல்லோர் பேச்சும். நீதிமன்ற உத்தரவும் உண்டு. ஏரிக்குள்ளும் வாய்க்காலிலும் நிற்பதைப் பிடுங்கட்டும், நானும் கூட வருவேன். மூடிய டேனரி நிலத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம் என்பேன். உப்பைத் தாங்கி நிற்கிற மரம் வேறு அதிகம் கிடையாது. 1877-இல் கடப்பைப் பக்கம் கொண்டுவந்து விதைத்த இந்த முள், யாரும் கேட்காமலே டேனரி மண்ணின் தூசியைக் காற்றில் எழும்பவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. முதலில் மண்ணைத் தோண்டிச் சோதிக்க வேண்டும். என்ன இருக்கிறது என்பதைப் பத்திரப் பதிவில் எழுத வேண்டும், வில்லங்கச் சான்றிதழில் கடன் தெரிகிற மாதிரி இதுவும் தெரிய வேண்டும். பிறகு வெட்டலாம், ஆவாரையும் வேம்பும் வைக்கலாம்.

ஏனென்றால் போன முறை சுற்றியபோது மதில் ஓரத்தில் வேலிக்காத்தான் கொஞ்சம் வெட்டிச் சாய்த்திருந்தது. மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக் கல் நட்டிருந்தார்கள். ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில் வாங்கும் விலைதான் வைப்பார்கள். நிழலில் உட்கார்ந்திருந்த பெரியவர், “இன்னா தம்பி, பிளாட் பாக்க வந்தியா?” என்றார்.

“இங்க முன்ன டேனரி இருந்துதே, பெரியவரே. தண்ணி எப்படி?”

“போர் போட்டா எடுத்ததும் தண்ணி. அதுக்குக் குறையே இல்ல.”

“குடிக்க?”

“குடிக்க யாரு போர் தண்ணி குடிக்கிறா இப்போ? கேன் வருதில்ல.”